படிப்பு நேரம் ஒதுக்கும் குழு

செப்டம்பர் 13, சனி

தேர்வுக்கு இன்னும் எண்பத்தைந்து நாள். காலையில் எழுந்ததும் அதைத்தான் எண்ணினேன். காலண்டரில் ஒருமுறை, விரலில் ஒருமுறை. காலண்டரில் எண்பத்தைந்து வந்தது, விரலில் எண்பத்து நான்கு. காலண்டரையே நம்புவது என்று முடிவு செய்தேன்.

ஜப்பானிய மொழித் தேர்வில் ஐந்து நிலை. ஐந்தாவதுதான் ஆரம்பம். அதற்கே எண்ணூறு சொல், நூறு சித்திர எழுத்து வேண்டும் என்கிறார் எங்கள் வாத்தியார் கரிமி சென்செய். நைரோபியில் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். டிசம்பரில் விட்டால் அடுத்த டிசம்பர்.

எனக்கு அடுத்த டிசம்பர் கிடையாது. நான் வேலை பார்ப்பது ஜப்பானியப் பழைய கார்களை இறக்கி விற்கும் யார்டில்; அதன் முதலாளி கிதைகா போன மாதம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"யோகோஹாமா கார் ஏல ஆபீஸ்ல ஒரு வருஷம் பயிற்சி. ஒரே ஒரு சீட்டு. நீ ஆரம்ப நிலையாவது பாஸ் பண்ணிட்டு வா மொரா, உன்னை அனுப்பறேன். இல்லைன்னா என் தங்கச்சி பையன் இருங்கு போவான்."

"அவருக்கு ஜப்பான் பாஷை தெரியுமா பாஸ்?"

"தெரியாது. ஆனா பாஸ்போர்ட் இருக்கு."

ஆகவே இன்று நேர அட்டவணை போட்டேன். நான்கு நிறப் பேனா. காலை மட்டாட்டு வேனில் நாற்பது நிமிடம் புதுச் சொற்கள், பச்சை. மதிய இடைவேளையில் இருபது நிமிடம் எழுத்து, சிவப்பு. செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பு, நீலம். வேனில் பாட்டுச் சத்தத்தில் மனப்பாடம் ஆகுமா என்று சந்தேகம் வந்ததால் பச்சைக் கட்டங்களுக்குள் சின்னதாகக் கேள்விக்குறி போட்டேன், கருப்பு. முடிக்கும்போது மாலை நான்கு. பார்த்தால், இன்றைய தேதிக்குக் கட்டமே போடவில்லை. சரி, இன்று அட்டவணை போட்ட நாள் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அட்டவணையை வகுப்புக்கு எடுத்துப் போனது என் தவறு. தனியாகப் படித்தால் பாதியில் விட்டுவிடுவேன் என்று பயம். யாராவது கூட இருந்தால் வெட்கத்துக்காகவாவது படிப்பேன்.

"என்ன சிஸ்டர், கவுன் தைக்க டிசைனா?" என்றான் முலி. ஹோட்டல் வரவேற்பறையில் வேலை செய்பவன். எதையும் பார்த்த உடன் ஏதாவது சொல்லியாக வேண்டும் அவனுக்கு.

"படிக்கிற நேரம். சனிக்கிழமை ரெண்டு மணியில இருந்து நாலு வரைக்கும் இங்கயே உக்காந்து எல்லாரும் சேர்ந்து படிக்கலாமான்னு கேக்கத்தான்..."

பின் வரிசையில் ஒச்சோலா எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகளை வேனில் ஏற்றிச் சிங்கம் காட்டுகிறவர்.

"உக்காந்து படிக்கலாம்னு சும்மா சொல்லிட முடியுமா தங்கச்சி? யாரு தலைவர்? யாரு செயலாளர்? மினிட்ஸ் யாரு எழுதுவா? அப்படியே எல்லாரும் வந்து உக்காந்தா அதுக்குப் பேரு படிப்பா? பஸ் ஸ்டாப்!"

வகுப்பில் மற்ற ஏழு பேரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன். கல்யாணத்துக்குக் குழு, சாவுக்குக் குழு, மாமன் மகன் ஆஸ்பத்திரியில் படுத்தால் அதற்குக் குழு என்றே வளர்ந்தவர்கள் நாங்கள். குழு இல்லாமல் ஒரு காரியம் தொடங்கினால் திருட்டுத்தனம் செய்கிற மாதிரி இருக்கும்.

ஒச்சோலாவே தலைவர். பதினோரு சாவுக் குழுவுக்கும் நான்கு கல்யாணக் குழுவுக்கும் தலைமை தாங்கியவர். "இவர் தலைமையில புதைச்சவங்க யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல" என்று முலி முன்மொழிந்தான். சலூன் வைத்திருக்கும் பராக்கா அம்மாவுக்கு ஜெபமும் தேநீரும். முலி ஒழுங்கு அதிகாரி; அவனை அடக்க வேறு வழி இல்லை. என்னிடம் நான்கு நிறப் பேனா இருப்பதால் நான் செயலாளர்.

செப்டம்பர் 20, சனி

முதல் கூட்டம். இரண்டு மணிக்கு என்று முடிவாகியிருந்தது. நான் ஒன்றரைக்கே போய்விட்டேன். தலைவர் மூன்றரைக்கு வந்தார். தொடக்க ஜெபம். அஜெண்டாவை ஏற்றுக்கொள்ளுதல். பிறகு குழுவின் பெயர். 'படிப்பு நேரம் ஒதுக்கும் குழு' என்றேன் நான். 'ஒதுக்கீடு மற்றும் மேம்பாட்டுக் குழு' என்றார் ஒச்சோலா. முக்கால் மணி நேரம் விவாதம். மேம்பாடு தோற்றது.

என் அட்டவணை அஜெண்டாவில் ஆறாவது. ஐந்து மணிக்கு அறையைப் பூட்ட வேண்டும் என்று காவலாளி வந்து நின்றதால் நான்காவதோடு முடிந்தது.

அக்டோபர் 11, சனி

நான்காவது கூட்டம். அட்டவணையின் நான்காவது வரைவு. வேனில் படிப்பதைப் பற்றி ஆராய மூன்று பேர் கொண்ட துணைக்குழு. அதன் அறிக்கை அடுத்த வாரம். ஒச்சோலா இன்னொன்றும் சொன்னார்:

"அட்டவணை ரெடியானதும் நம்ம பாட்டுக்கு அதைப் பார்த்துப் படிக்க ஆரம்பிச்சிடக் கூடாது. முறைப்படி வெளியிடணும். சிறப்பு விருந்தினர் வரணும். ரிப்பன், கேக்..."

"டீ ஷர்ட்?" என்றான் முலி.

"அதுக்குத் துணைக்குழு போடுங்க."

வீட்டுக்கு வந்து இதுவரை எத்தனை சொல் கற்றிருக்கிறேன் என்று எண்ணினேன். அறுபத்தொன்று. அட்டவணைப்படி இருநூற்றெண்பது. கழித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பிறகு கழித்தேன்.

குழுவைக் குறை சொல்வது சுலபம். உண்மை என்னவென்றால் நான்காவது வரைவைப் போட எனக்குப் பிடித்திருந்தது. ஒரு கட்டம் போட்டால் அது அங்கேயே இருக்கிறது. ஒரு சித்திர எழுத்தைப் படித்தால் சோறு தின்பதற்குள் போய்விடுகிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

வேலைக்குப் போனால் என் நாற்காலியில் இருங்கு உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறான்.

"யோகோஹாமாவுல குளிருமா மொரா? எங்க மாமா பெரிய ஜாக்கெட் வாங்கிக்கச் சொல்லிட்டார்."

"இன்னும் பரீட்சையே நடக்கலையே."

"அதான் கேக்கறேன். ஜாக்கெட் வாங்கலாமா, வேணாமா? நீயே சொல்லு, உன் படிப்பு உனக்குத்தானே தெரியும்."

வாங்கிக்கொள் என்று வாய் வரை வந்தது.

அக்டோபர் 18, சனி

இன்று கூட்டத்தில் துணைக்குழுவின் அறிக்கையை முலி வாசித்தான். வேனில் படிக்க முடியாது, ஆனால் முயற்சி செய்யலாம் என்பது அறிக்கை. அதைக் கேட்டுக்கொண்டே, நான் கையில் பேனாவோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேனே, இதை ஏன் ஜப்பானிய மொழியில் எழுதக்கூடாது என்று தோன்றியது. வாரத்தில் எனக்கு அகப்படும் நீளமான நேரம் இது ஒன்றுதான்.

தெரிந்த சொற்கள் போதுமா என்று பயந்தேன். போதும். கிழமை தெரியும், மணி தெரியும். வந்தார், போனார், சாப்பிட்டார், குடித்தார், இருக்கிறது, இல்லை. எங்கள் கூட்டத்தில் இதற்கு மேல் எதுவும் நடப்பதில்லை. எழுதியதை இங்கே மொழிபெயர்த்து வைக்கிறேன்:

இன்று சனிக்கிழமை. ஒச்சோலா மூன்றரை மணிக்கு வந்தார். முலி மூன்று மண்டாஸி சாப்பிட்டார். முலி பேசினார். பராக்கா அம்மா தேநீர் குடித்தார். அட்டவணை இல்லை.

பொரித்த இனிப்பு ரொட்டியான மண்டாஸிக்கு ஜப்பானியச் சொல் தெரியாததால் அப்படியே எழுதினேன். 'ஒத்திவைக்கப்பட்டது' என்பதற்கு அகராதி பார்த்தேன். நீளமாக இருந்தது. 'இல்லை'யே போதும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 25, சனி

போன வாரக் குறிப்பை வழக்கம்போல ஆங்கிலத்தில் எழுத நேரம் கிடைக்கவில்லை. யார்டில் ஒரே கப்பலில் நாற்பது கார் வந்து இறங்கியது. வேறு வழியில்லாமல் ஜப்பானியக் குறிப்பையே ஏழு நகல் எடுத்துக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை வேனில் வரும்போதே தயார் செய்திருந்தேன். அதைச் சொல்லவிடவில்லை.

"இது என்ன?" என்றார் ஒச்சோலா.

"போன வார மினிட்ஸ், சேர்மன்."

அவரவர் பெயரை எழுதத்தான் முதல் வகுப்பிலேயே எல்லோரும் கற்றிருந்தார்களே. ஏழு தலையும் காகிதத்தில் தங்கள் பெயரைத் தேடின.

"என் பேருக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்க?"

"நீங்க வந்த நேரம், சேர்மன்."

ஒச்சோலா காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"எனக்கு மட்டும் ரெண்டு வரி இருக்கே!" என்றான் முலி. "சேர்மனுக்கே ஒரு வரிதான். அவ்வளவு தப்பா பண்ணிட்டேன்?"

பராக்கா அம்மா என் பக்கம் சாய்ந்து, "நான் டீ குடிச்சதையா போட்டிருக்க? போட்டது நான்னு போட மாட்டியா?" என்றார். எப்படி வாசித்தார் என்று ஆச்சரியமாக இருந்தது. தேநீருக்கான எழுத்து அவர் சலூன் சுவரில் ஒட்டியிருக்கும் ஜப்பான் தேயிலைப் பாக்கெட்டில் இருக்கிறதாம்.

கூட்டக் குறிப்பை வாசித்து உறுதி செய்யாமல் அடுத்த விஷயத்துக்குப் போகக் கூடாது என்பது ஒச்சோலா போட்ட விதி. வாசிக்கத் தெரியாமல் எப்படி உறுதி செய்வது? பக்கத்து அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த கரிமி சென்செய்யை அழைத்து வந்தார்கள். அவர் குறிப்பை மேலிருந்து கீழே படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"என்ன சென்செய் எழுதியிருக்கு?"

"நான் பாடம் நடத்தத்தான் வர்றேன், பஞ்சாயத்து பண்ண இல்ல. யாருக்கு வேணுமோ அவங்க படிச்சுக்குங்க."

ஒச்சோலா காகிதத்தை நான்காக மடித்து கோட்டுப் பையில் வைத்தார். அவர் பாடக் காகிதம் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போய் நான் பார்த்ததில்லை.

"கூட்டம் ஒத்திவைக்கப்படுது. எல்லாரும் வாசிச்சுட்டு வரணும். திருத்தம் இருந்தா எழுத்துல குடுக்கணும்."

"எந்த எழுத்துல சேர்மன்?" என்றான் முலி.

"மினிட்ஸ் எந்த எழுத்துல இருக்கோ அந்த எழுத்துல. விதி விதிதான்."

நவம்பர் 1, சனி

ஒச்சோலாவின் காகிதம் முழுக்கப் பென்சில் கோடு. பயணிகள் யானை பார்க்கிற நேரத்தில் வேனில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டியிருக்கிறார்.

"மூணரைன்னு எழுதியிருக்க தங்கச்சி. தப்பு. நான் வந்தது எட்டு மணி."

எங்கள் ஊரில் பகல் மணியை விடிந்ததிலிருந்து எண்ணுவோம். பிற்பகல் இரண்டு என்பது பேச்சில் எட்டு. ஆங்கிலத்தில் பேசும்போது தானாக மாற்றிக்கொள்வோம், ஜப்பானிய மொழியில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. நான் ஏதோ சொல்வதற்குள் தலைவர் தன் கையாலேயே திருத்தத்தை எழுதி எல்லோருக்கும் காட்டினார்: ஒச்சோலா எட்டு மணிக்கு வந்தார்.

பராக்கா அம்மா விரலை வைத்துக் கூட்டினார். "எட்டு மணிக்கு... வந்தார். அய்யய்யோ சேர்மன், கூட்டம் அஞ்சு மணிக்கே முடிஞ்சு போச்சே! எட்டு மணிக்கு வந்து யாரோட பேசினீங்க?"

"காவலாளியோட" என்றான் முலி.

ஒச்சோலாவும் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. இரண்டு மணி என்று எழுதச் சொன்னார். எழுத மாட்டேன் என்றேன். என் வாழ்க்கையில் வயதில் பெரியவரிடம் மாட்டேன் என்று சொன்னது இது முதல் தடவையாக இருக்கும். வாக்கெடுப்பு நடந்தது. மூன்றரையே நின்றது.

நவம்பர் 8, சனி

ஒன்றே முக்காலுக்கு நான் போனபோது ஒச்சோலா பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கோபமாக இருந்தார்.

"நான் வந்து பதினஞ்சு நிமிஷம் ஆச்சு. எழுத ஒரு ஆள் இல்ல!"

நவம்பர் 22, சனி

மூன்று வாரமாக வேறு எதுவும் பேசவில்லை, குறிப்பை வாசித்துச் சண்டைதான். தான் தின்றது இரண்டு மண்டாஸி, மூன்றாவதைப் பராக்கா அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறான் முலி. அதை எழுத்தில் தர 'கொடுத்தேன்' என்பதைக் கற்றுக்கொண்டு வந்தான். பராக்கா அம்மா 'வாங்கவில்லை' என்பதைக் கற்றுக்கொண்டு வந்தார். மண்டாஸி பெரியதா சின்னதா, சூடா ஆறிப்போனதா, மேசைமேல் இருந்ததா கீழே இருந்ததா என்று ஒவ்வொரு வாரமும் அது வளர்கிறது. இன்றைய குறிப்பு நான்கு பக்கம். நான் பிழையாக எழுதிய இரண்டு இடங்களை ஒச்சோலா கண்டுபிடித்துச் சபையில் வாசித்தார். காது சூடானது.

அட்டவணையை யாரும் நினைக்கவில்லை. ஏழாவது வரைவு என் பையிலேயே இருக்கிறது. இன்று எண்ணினேன்: ஐந்நூற்று நாற்பது சொல். எந்த நிறக் கட்டத்தில் படித்தேன் என்று தெரியவில்லை. இதெல்லாம் அந்த எண்ணூறில் சேருமா என்றும் தெரியவில்லை. பாதிக்குப் பாதி மண்டாஸியைப் பற்றியது.

நவம்பர் 29, சனி

அட்டவணை வெளியீட்டு விழா. அட்டவணைக்கு ஒப்புதலே ஆகவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது என்றார்கள். சிறப்பு விருந்தினராக வார்டு உறுப்பினர் இரண்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு. மூன்றுக்கு, கிளம்பிவிட்டார் என்று செய்தி. நான்குக்கு, பக்கத்தில் வந்துவிட்டார் என்று செய்தி. தேர்வுக்கு எட்டு நாள். எனக்குக் கேட்டுப் பழகும் பயிற்சி ஒன்றுகூட ஆகவில்லை. சித்திர எழுத்தில் முப்பது பாக்கி.

எழுந்து நின்றேன். "சேர்மன், நான் படிக்கப் போறேன்."

"விருந்தினர் வர்ற நேரத்துலயா? செயலாளர் இல்லாம எப்படி?"

"அவர் வரட்டும் சேர்மன். எனக்குப் பரீட்சை வந்துடும்."

ஏழாவது வரைவை ரிப்பனோடு மேசைமேல் வைத்துவிட்டுப் பையை எடுத்தேன். ஒச்சோலா கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார்.

"சரி, போ. ஆனா போறதை மினிட்ஸ்ல எழுதிட்டுப் போ."

மொரா நான்கு மணிக்குப் போனார் என்று எழுதிவிட்டுப் படியிறங்கினேன். கீழே சிப்ஸ் கடை வாசலில் நின்று பத்து எழுத்துப் படித்தேன். கால் மணி நேரத்தில் முலியும், பிறகு மற்றவர்களும் புத்தகத்தோடு இறங்கி வந்தார்கள். கடைசியாக ஒச்சோலா கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். விருந்தினர் வந்தாரா என்று யாருக்கும் தெரியாது.

டிசம்பர் 7, ஞாயிறு

தேர்வு முடிந்தது. வாசிக்கும் பகுதி மோசமில்லை. யாரோ எங்கேயோ போனார்கள், ஏதோ சாப்பிட்டார்கள். எனக்கு அந்த மனிதர்களை முன்பே தெரிந்த மாதிரி இருந்தது.

கேட்கும் பகுதியில் கவிழ்ந்தேன். பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு கேள்வி. இரண்டு மணி என்று அந்தப் பெண் தெளிவாகச் சொன்னாள். என் தலை அதை எட்டாக்கி, மறுபடி இரண்டாக்குவதற்குள் அடுத்த கேள்வி பாதி ஓடிவிட்டது. அதைப் பிடிக்கப் போய் அதற்கடுத்ததும் போயிற்று. மூன்று விடைகளைக் குத்துமதிப்பாகப் போட்டேன்.

வெளியே ஒச்சோலா டையைத் தளர்த்தியபடி நின்றார். "எல்லாம் எளிசுதான் தங்கச்சி. உன் கையெழுத்தைப் படிச்சவனுக்கு அச்செழுத்து என்ன கஷ்டம்?" என்றார். நான் சிரிக்கவில்லை.

ஜனவரி 26, திங்கள்

தேர்வு முடிவு வந்துவிட்டது. பாஸாக நூற்றெண்பதுக்கு எண்பது எடுக்க வேண்டும். ஒச்சோலா 121. பராக்கா அம்மா 104. முலி 97. நான் 83.

பாஸ்தான். ஆனால் முதல் ஐந்து நிமிடம் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பொறாமை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. பிறகு மூன்று மதிப்பெண் எவ்வளவு மெல்லிய நூல் என்று நினைத்துப் பார்த்தேன். அப்போதுதான் சந்தோஷம் வந்தது.

ஜனவரி 27, செவ்வாய்

முடிவை அச்செடுத்து முதலாளி கிதைகாவிடம் கொடுத்தேன். இருங்குவும் அங்கே இருந்தான், புது ஜாக்கெட்டில். வெயிலில் வியர்த்துக்கொண்டிருந்தான். முதலாளி காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எண்பத்து மூணு. நூத்துக்கா?"

"நூத்தெண்பதுக்கு, பாஸ்."

"பாதிக்கும் கீழ மாமா" என்றான் இருங்கு.

"பாதிக்குக் கொஞ்சம்தான் கீழ" என்று முணுமுணுத்தேன்.

முதலாளி காகிதத்தை மடித்தார். "இதுல இருக்கறதை என்னால படிக்க முடியாது, நம்பவும் முடியாது. வா என்கூட."

யார்டில் போன வாரம் இறங்கிய வெள்ளைக் கார் ஒன்று நின்றது. கதவைத் திறந்து சாவியைத் திருப்பினார். ஜப்பானிலிருந்து வருகிற எல்லா வண்டியிலும் பேசுவது போலவே டாஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள். நைரோபியில் பாதிப் பேர் தினமும் காலையில் கேட்கிற குரல்.

"பன்னெண்டு வருஷமா இவ பேசறா. வாங்கறவங்க எல்லாரும் என்ன சொல்றான்னு கேக்கறாங்க. நான், 'வணக்கம், பத்திரமா ஓட்டுங்க'ன்னு சொல்றான்னு சொல்லிக்கிட்டு வர்றேன். இருங்கு, நீ சொல்லு."

"அதேதான் மாமா. ரொம்ப மரியாதையா சொல்றா."

"மொரா?"

இன்னொரு முறை திருப்பச் சொன்னேன். அவள் வேகமாகப் பேசினாள். நடுவில் ஒரு சொல் எனக்குத் தெரியவே தெரியாது. தொடக்கமும் முடிவும் மட்டும் பிடிபட்டன. வணக்கம் என்று சொல்லிவிடலாம். முதலாளியும் சிரிப்பார், இருங்குவும் மறுக்க மாட்டான். பன்னிரண்டு வருடமாக அவர் சொன்னதைப் பொய்யாக்கிவிட்டு அவரிடமே டிக்கெட் கேட்பது எப்படி? ஆனால் காதில் விழுந்தது விழுந்துவிட்டது.

"வணக்கம் எல்லாம் இல்ல பாஸ். கார்டு இல்லைங்கறா."

"என்ன கார்டு?"

"தெரியல பாஸ். ஏதோ ஒரு கார்டு. அது இல்லைன்னு சொல்றா. அவ்வளவுதான் புரிஞ்சுது."

முதலாளி மறுபடி சாவியைத் திருப்பினார். மறுபடி. மூன்றாவது முறை 'கார்டு' என்ற அந்த இங்கிலீஷ் சொல் வருகிற இடத்தில் விரலைத் தூக்கினார். அது அவர் காதிலும் விழுந்துவிட்டது. இருங்குவைத் திரும்பிப் பார்த்தார். அவன் ஜாக்கெட்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

"எத்தனை ஆயிரம் வண்டி வித்திருப்பேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் முதலாளி. பிறகு சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டார்.

"கஸ்டமர் யார்கிட்டயும் இதைச் சொல்லிடாத. ஏப்ரல் மாசம் யோகோஹாமா போ. போனதும் முதல் வேலையா, அது என்ன கார்டுன்னு கேட்டு எனக்கு போன் பண்ணு."